வலப்பக்கம் எழுதாத பதினொரு குறிப்புகள்

என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால் இந்தக் குறிப்பேட்டைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது. மைதானத்தில் மழை வந்தால் மை கரைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சிலில்தான் இருக்கிறது.

நீங்கள் ரஷான் டில்லர்டின் தாயார் அமர்த்திய வக்கீல். தொழில்முறை அணிக்குப் போவதற்கு முன்பே அவன் தலையில் கோளாறு இருந்ததா, அது யாருக்காவது தெரியுமா என்று கேட்கிறீர்கள். அணியின் வக்கீல் போன வாரமே வந்து பேசினார். "நினைவில்லை" என்று சொன்னால் போதும் என்றார். எனக்கு நினைவிருக்கிறது. நினைவில்லாமல் போனது ரஷானுக்கு.

அப்போது என் வேலை கல்லூரிகளில் அமெரிக்க புட்பால் ஆடும் பையன்களைக் கவனித்து அந்த அணிக்கு அறிக்கை அனுப்புவது. மிசிசிப்பியும் அலபாமாவும் என் பகுதி. ஏப்ரலில் எல்லா அணிகளும் உட்கார்ந்து, வரிசையாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். அந்த டிராஃப்ட் நாளுக்காகத்தான் வருடம் முழுவதும் காரோட்டினேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் புள்ளியியல் படித்தேன். பார்த்ததையும் நினைத்ததையும் கலக்காதே என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து குறிப்பேட்டின் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. நான் பார்ப்பதில் கெட்டி. நினைப்பதில்தான் எப்போதும் சந்தேகம் வரும்.

என் தகப்பனார் ஓடிஸ் ப்ரூயிட் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு முப்பத்தோரு வருடம் பயிற்சியாளர். நான் அவரைக் கோச் என்றுதான் சொல்வேன், இங்கும் அப்படியே சொல்கிறேன். அவருடைய அணியில் நானும் இருந்தேன். நான்கு வருடத்தில் மொத்தம் பத்தொன்பது நிமிடம் ஆடினேன்.

நான் கல்லூரிக்குப் போன வருடம் ரஷான் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவன் தாயாருக்கு மெம்பிஸில் வேலை கிடைத்திருந்தது, பையன் பள்ளி மாறவேண்டாம் என்று கோச் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். என் அறையை அவனுக்குக் கொடுத்தார். அது நியாயம்தான், அறை காலியாகத்தானே கிடந்தது. பந்தோடு ஓடி வருகிறவனை மோதிச் சாய்ப்பது ரஷானின் ஆட்டம். அப்படி மோதுகிறவனை அந்த மாவட்டம் பார்த்ததில்லை. கோச் அவனை "மகனே" என்பார். எல்லா ஆட்டக்காரர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். என்னை லவெல் என்பார்.

ரஷானின் கடைசிக் கல்லூரி வருடம், செப்டம்பரில் ஒரு ஞாயிறு. கல்லூரி பக்கத்தில்தான் என்பதால் ஞாயிறு மதியம் சாப்பிட அவனும் வந்துவிடுவான். கோச் கோழி வறுத்திருந்தார். அடுத்த ஜூனில் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார்.

"ரஷானை மேல எடுத்துட்டாங்கன்னா சந்தோஷம். எடுக்கலன்னா அதவிடச் சந்தோஷம். இந்த விசில் அவனுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு கோச் அது? நீங்க ஊதி ஊதி எச்சில் பண்ணது" என்றான் ரஷான்.

"முப்பத்தோரு வருஷ எச்சில்டா, மரியாதையா வாங்கிக்க."

இருவரும் சிரித்தார்கள். அந்த விசிலை, அதாவது அவருக்குப் பிறகு அந்த வேலையை, எனக்குத் தரும்படி நான் இரண்டு முறை கேட்டிருந்தேன். "நீ எழுதுற ஆளு லவெல். விசில் ஊதுற ஆளு வேற" என்று இரண்டு முறையும் சொன்னார். அதை இடப்பக்கம் எழுதிவைத்தேன், பார்த்ததோடு கேட்டதும் சேர்த்தி என்பதால்.

அக்டோபர் பன்னிரண்டு. ரஷான் தலையோடு தலை மோதி விழுந்தான். உடனே எழுந்தான். எழுந்தவன் எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அவர்கள் கேலி செய்ததும், வேண்டுமென்றே செய்ததுபோல் கையசைத்துத் திரும்பினான். கூட்டம் கைதட்டியது. அது முதல் குறிப்பு.

மறுநாள் மதியம் வீட்டில், மெம்பிஸிலிருந்து அம்மா எப்போது வருகிறாள் என்று கோச்சிடம் கேட்டான். பத்து நிமிடம் கழித்துக் கேட்டான். பிறகும் கேட்டான். நான் தவறாக எண்ணியிருப்பேனோ என்று கடிகாரத்தைப் பார்த்தே எழுதினேன். மூன்று முறை. "தூக்கம் பத்தல பயலுக்கு" என்றார் கோச். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்படிப் பதினொன்று. ஆறு வருடமாகக் கார் ஓட்டிய தெருவில் அவன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. இனிப்புத் தேநீரைச் சோள ரொட்டித் தட்டில் ஊற்றிவிட்டு, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. தேதியோடு இருக்கிறது. பதினொன்றுக்கும் வலப்பக்கம் வெறுமைதான். நான் எதுவும் நினைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று வெகுநாள் நம்பினேன்.

கல்லூரி மருத்துவர் எப்படி விட்டார் என்று கேட்பீர்கள். கோடையில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நினைவுச் சோதனை வைப்பார்கள். அடிபட்ட பிறகு மறுபடி வைத்து ஒப்பிடுவார்கள். ரஷான் கோடையிலேயே வேண்டுமென்று தப்பும் தவறுமாகப் பதில் சொல்லியிருந்தான். அதனால் அக்டோபரில் மதிப்பெண் குறையவில்லை. காகிதத்தில் அவன் நலமாக இருந்தான். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

என் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எங்கள் அணி அவனை நரம்பு மருத்துவரிடம் அனுப்பியிருக்கும். செய்தி பரவி எல்லா அணிகளும் அவன் பெயரை அடித்திருக்கும். அவன் ஊருக்குத் திரும்பி, கழுத்தில் விசிலோடு, என் அறையில் தூங்கி, என்றைக்கும் நலமாக இருந்திருப்பான்.

நான் எழுதியது இது: "உடல்நலம் பற்றிக் கவலை இல்லை. அடிபட்டாலும் ஆடுவான். ஒரு ஆட்டமும் தவறவிட்டதில்லை." கடைசி இரண்டும் உண்மை. அதுவரை யாருக்கும் கொடுக்காத உயர்ந்த மதிப்பெண்ணை அவனுக்குக் கொடுத்தேன். நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. அந்தச் சொல் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். பொறாமைக்காரன் குறை அல்லவா சொல்வான்.

பிப்ரவரியில் இண்டியானாபொலிஸில் எல்லா அணிகளின் மருத்துவர்களும் பையன்களைச் சோதிப்பார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். போவதற்குப் பத்து நாள் முன்பு ரஷான் என்னிடம் வந்தான்.

"அண்ணே, அந்த வார்த்த சமாச்சாரம் எனக்கு நிக்கவே மாட்டேங்குது. கோச்சுக்குத் தெரிய வேணாம்."

முந்தைய வருடங்களில் கேட்ட சொற்பட்டியல்கள் அணி வேலையால் என்னிடம் இருந்தன. சமையலறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு இடத்தில் வைக்கக் கற்றுக்கொடுத்தேன். கதவில் கத்தி. அடுப்பில் மேகம். மேசையில் பொத்தான். ஜன்னலில் குதிரை.

"கோச் நாற்காலியில என்ன?"

"எலுமிச்சம்பழம்." சிரித்தான். "அவர் மூஞ்சியும் அப்படித்தான இருக்கு."

"யாருடா என் மூஞ்சியப் பத்திப் பேசறது?" என்று கோச் உள்ளே வந்தார். ஏதோ பேட்டிக்குத் தயார் செய்கிறோம் என்றேன். என் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல லவெல். நல்ல அண்ணன்டா நீ." அந்தக் கை எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

தினமும் இரண்டு மணி நேரம், ஒன்பது நாள். அவன் ஒரு சொல்லும் தவறவிடவில்லை. ஏப்ரலில் எங்கள் அணியே இரண்டாம் சுற்றில் எடுத்தது. கோச் அழுதார். ஜூனில் விசில் எனக்கு வந்தது. வேறு யாரும் இல்லையே. அணி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன்.

அணியில் அவனுடைய இரண்டாவது வருடம் நவம்பரில் நடந்ததை நீங்கள் ஆட்ட வீடியோவில் பார்த்திருப்பீர்கள். சாதாரண மோதல்தான். ரஷானுக்கு இப்போது இருபத்து நான்கு. என் பழைய அறையில் இருக்கிறான். நான் செய்தது என்ன என்று ஒரே வாக்கியத்தில் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்: இன்னும் ஓரிரு அடியில் அவன் மூளை போய்விடும் என்று தெரிந்தே, மருத்துவர்களை ஏமாற்றக் கற்றுக்கொடுத்து, அவனை அந்த அடிக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

வெள்ளிதோறும் என் பையன்கள் ஆடுகிறார்கள். கோச் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ரஷானைத் தனியாக விட முடியாது என்கிறார். ஞாயிறுதோறும் நான் போகிறேன். எலுமிச்சம்பழம் இருந்த அந்த நாற்காலியில் அவனை உட்காரவைத்து, சோளக் கஞ்சியை ஊதி ஊதி ஸ்பூனில் ஊட்டுகிறார். ரஷானுக்கு அவர் பெயர் நினைவில்லை, பயிற்சியாளர் என்பதும் நினைவில்லை. அப்பா என்கிறான்.

எட்டு வயதில் மைதானத்தில் நான் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டேன். "இங்க நான் கோச்" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன ஞாயிறு ரஷான் பதினேழு முறை அப்பா என்றான். அவர் ஒருமுறைகூடத் திருத்தவில்லை. புதிய குறிப்பேட்டில், இடப்பக்கம், தேதியோடு இருக்கிறது. உங்கள் வழக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறதா?