நல்லகாமன் பியட்டில் மாட்டிய செட்டு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் இறங்கி, வயலுக்கு நடுவே போகிற ஒற்றை ரோடு. ஆள் இல்லை… ஆடு இல்லை… அறுத்துப் போட்ட வயலில் ஒரு கொக்குகூட இல்லை. ரோட்டோரம் பழைய பியட் கார் ஒன்று நிற்கிறது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது. உள்ளே ஒருத்தர் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை.

நெருங்கி உட்காருங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் திரும்பி வந்து, கரண்ட் போன இந்தக் கல்யாண மண்டபத்தில் வெளிச்சம் போடுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். வெளிச்சத்தில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பேய் எதற்கு உச்சிவெயிலில் வந்தது என்று கேட்பீர்கள். பேயாக வந்தவர் உயிரோடு இருந்தபோது, இருட்டில் வண்டியின் பளபளப்பு தெரியாது என்று பொழுது சாய்ந்தால் காரை வெளியே எடுக்காத மனிதர். செத்தவுடன் பழக்கம் மாறிவிடுமா?

ஆரப்பாளையத்தில் கார்களுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிற பாண்டிராஜ் என் கூட்டாளி. அவன் பெண்டாட்டிக்குச் சித்தப்பா அழகுபாண்டி. பரவை மார்க்கெட்டில் வெங்காயக் கமிஷன் கடை. காருக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். கார் மட்டும் அவருடையது இல்லை. அதாவது அவருடையதுதான்… ஆனால் இல்லை. அதுதான் கதையே.

அறுபத்திரண்டாம் வருஷத்து பியட் அது. அழகுபாண்டியின் பெரியப்பா மகன் நல்லகாமன் வைத்திருந்தது. ஒரு ஆணி மாற்றவில்லை, ஒரு பொட்டு பெயிண்ட் மாற்றவில்லை, எல்லாம் ஒரிஜினல் என்பார் நல்லகாமன். இதைச் சொல்லும்போது வாயில் பல் செட்டு லேசாக ஆடும். சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் தன் தலைக்கும் ஒரே தேங்காய் எண்ணெய் பாட்டிலிலிருந்து எடுத்துத் தேய்ப்பார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அதில்தான் ஊர்வலம் வருவார். அழகுபாண்டியிடம் இருந்தது அதைப்போல் பத்து கார் வாங்கக்கூடிய விலையில் ஒரு புதுக்கார். அதில் சீர்வரிசை அண்டாவை ஏற்றி அனுப்புவார்கள்.

போன ஆனி மாதம் நல்லகாமன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தே தகனம் செய்தார்கள். இழவு வீட்டில் அதிகம் அழுதது அழகுபாண்டிதான். அழுத கண் என்னவோ கார் ஷெட்டின் பக்கமே இருந்தது.

மூன்றாம் மாதம் அண்ணி ரோகிணியிடம் போய்க் காரைக் கேட்டார். பேரம் பேசுவார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தயாராகப் போயிருந்தார். ரோகிணி சாவியை எடுத்து நீட்டிவிட்டார்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி. முப்பது வருசமா எனக்குச் சக்களத்தி அது.”

அழகுபாண்டிக்கு இதில்கூட ஒரு ஏமாற்றம்தான்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ரோட்டில் காத்திருந்தது. எங்கே போனாலும், ‘நல்லகாமன் வண்டி வருது’ என்றார்கள். மார்க்கெட் வாசலில் நிறுத்தினால், ‘நல்லகாமன் வண்டி நிக்குது’ என்றார்கள். டீக்கடைக்காரர் ஒருபடி மேலே போய், நல்லகாமன் வீட்டில் எப்போது டிரைவராகச் சேர்ந்தீர்கள் என்று விசாரித்தார். அன்று ராத்திரி அழகுபாண்டி சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் பாண்டிராஜ் கடை வாசலில் பியட் வந்து நின்றது.

“மாப்ள, பாக்குறவன் எவனும் இனிமே இத அவன் வண்டின்னு சொல்லப்படாது. இருக்கறதுலயே பெரிய செட்டா மாட்டு.”

பழைய தகர டேஷ்போர்டு. அதில் பெரிய திரை வைத்த செட்டுக்கு இடமில்லை. கீழே தொங்கவிட்டு மாட்டலாம், எதையும் வெட்ட வேண்டாம், பிறகு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று பாண்டிராஜ் நயமாகச் சொல்லிப் பார்த்தான். அழகுபாண்டி ஒரே சொல்தான் சொன்னார்.

“வெட்டு.”

நாலு மூலையிலும் துளை போட்டு, கட்டரை வைத்தான். கிர்ர்ர்… பொறி பறந்தது. பெயிண்ட் தீய்கிற வாடைதானே வர வேண்டும்? தேங்காய் எண்ணெய் வாசம் வந்ததாம். பக்கத்தில் எவனோ தலைவாருகிற மாதிரி. பாண்டிராஜ் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. வெட்டிய தகரம் உள்ளே விழுந்தது… சத்தம் மட்டும் கேட்கவில்லை.

செட்டு ஏறிவிட்டது. சாவியைத் திருப்பினால் திரையில் முதலில் அழகுபாண்டியின் படம் வரும். வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, தேர்தலில் நிற்கிறவர் சிரிப்பு. படத்தைச் சேர்க்கச் சொன்னது அவரேதான்.

அன்று மத்தியானம் மார்க்கெட்டை இரண்டு சுற்று சுற்றிக் காட்டிவிட்டு, வயல் ரோட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். பன்னிரண்டரை. பாட்டு நின்றது. திரையில் அவர் படம் அணைந்தது. நீல எழுத்து வந்தது… ‘நல்லகாமன் போன் கனெக்டட்.’

சர்க்… சர்க்… சர்க்…

ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. தகரத்தைத் துணியால் தேய்க்கிற சத்தம். கார் முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். அழகுபாண்டி வண்டியை ஓரங்கட்டினார். தேய்க்கிற சத்தம் நின்றது.

“தம்பி… நல்லாத்தான்டா கேக்குது.”

நீங்களும் நானும் என்ன செய்வோம்? கதவைத் திறந்துகொண்டு சமயநல்லூர் வரை ஓடுவோம். அழகுபாண்டி உட்கார்ந்தே இருந்தார். ஐம்பது வருஷத்தில் அவருடைய பொருள் ஒன்றை நல்லகாமன் நல்லா இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கையை நீட்டி, சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டரைக்கு அந்த ரோடு. கடையைக் கவனிப்பதில்லை. கல்யாணங்களுக்குக் காரைக் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். உயிரோடு இருக்கிறவர்கள் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன. மனைவி நாகஜோதி விஷயத்தைக் கேட்டுப் பதறி, பூசாரியை அழைக்கலாமா என்றதற்கு அப்படிச் சிரித்தாராம்.

“அண்ணனுக்கு வயித்தெரிச்சல். செத்தும் தாங்கல. அதப் போய் எதுக்கு வெரட்டணும்?”

உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. முகம் மட்டும் மாப்பிள்ளை முகமாக மின்னியது. நாகஜோதி பயந்துபோய் பாண்டிராஜைக் கூப்பிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்க்கச் சொன்னார். முதலில் சொன்னேனே, கண்ணாடி ஏற்றிய கார், ஆளில்லாத பக்கத்து சீட்டு… அதைப் பார்த்தது பாண்டிராஜ்தான். பைக்கை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தான். சின்ன மாமனார் திரும்பவே இல்லை.

சர்க்… சர்க்…

பாண்டிராஜுக்கும் கேட்டது. பிறகு குரல். குளித்துவிட்டு வந்த மனிதர் பேசுவதுபோல நிதானமாக…

“தம்பி, அந்தச் செட்டக் கழத்தி எங்கிட்டக் குடுத்துரு.”

அழகுபாண்டி சிரித்ததை பாண்டிராஜ் முன்னால் தொங்கிய சின்னக் கண்ணாடியில் பார்த்தான். அப்படியொரு நிறைவான சிரிப்பை அவர் முகத்தில் அவன் அதுவரை பார்த்ததில்லை.

“தர மாட்டேண்ணே. இது என்னுது.”

இன்ஜின் மெல்ல மெல்ல அடங்கியது. வெயிலில் தகரம் விரிகிற டிக்… டிக்… மட்டும்.

“சரிடா தம்பி. நீயே வச்சுக்க.”

அழகுபாண்டி அப்படியே ஸ்டியரிங்கில் சாய்ந்தார். ஹாரன் விடாமல் அலறியது. பாண்டிராஜ் பாய்ந்துபோய் அவரை இழுத்துப் பக்கத்து சீட்டில் கிடத்தி, சாவியைத் திருப்பக் கையை நீட்டியபோதுதான் டேஷ்போர்டைப் பார்த்தான்.

திரை இல்லை. ஒயர் இல்லை. ஓட்டை இல்லை. அவன் கையால் வெட்டிய இடத்தில் அறுபத்திரண்டாம் வருஷத்துத் தகரம், ஒரே தகடாக, ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லாமல்… தடவிப் பார்த்தான். விரலில் எண்ணெய் ஒட்டியது.

எப்படித்தான் மதுரை வரை ஓட்டிவந்தானோ. வழியில் நின்ற லாரிக்காரர்கள்கூட நல்லகாமன் வண்டி என்று ஒதுங்கி இடம் விட்டார்களாம்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் சரி. சர்க்கரை சரி. அழகுபாண்டி கண்ணைத் திறந்துகொண்டு, அதே சிரிப்போடு படுத்திருக்கிறார். வாயைத் திறந்து பேசுவது மட்டும் இல்லை. டாக்டர் காதில் குழாயை மாட்டி, அவர் நெஞ்சில் வைத்தார். கேட்டார். நகர்த்தி வைத்தார். கேட்டார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

“சிஸ்டர், அந்த ரேடியோவக் கொஞ்சம் அமத்துங்க.”

“இங்க ரேடியோ ஏது டாக்டர்?”

டாக்டர் குழாயை நெஞ்சிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். குழாயைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பாண்டிராஜின் காதில் மாட்டி, மறுமுனையை அழகுபாண்டியின் நெஞ்சில் வைத்தார்.

பாட்டு முடிந்து நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல தெளிவு. இடது பக்கம் மட்டும் லேசாகக் கரகரத்தது… அந்த ஒயரை இன்னும் ஒரு முறுக்கு இறுக்கி விட்டிருக்கலாம் என்று பாண்டிராஜுக்குத் தோன்றியதாம்.