பத்த தாண்டக் கூடாது

அக்கரை: ஆறு நிமிஷமா? முடிவெட்டுக்கா?

இக்கரை: ஆறுதான்.

அக்கரை: அதாவது உங்க நாட்டுல ஒரு கொத்தனார் ஆறே ஆறு நிமிஷம் செங்கல் அடுக்கினா, அந்தக் கூலில முடிவெட்டிக்கலாம்?

இக்கரை: தாராளமா. மிச்சம் கூட இருக்கும்.

அக்கரை: வெட்டுறது யாரு, ஆளா ஆடா?

இக்கரை: கடைல உட்கார்ந்து, துண்டு போர்த்தி, முறைப்படி வெட்டினது. உங்களுது என்ன எழுதியிருக்கீங்க, காட்டுங்க... ஐம்பத்திரெண்டா?

அக்கரை: ஐம்பத்திரெண்டு.

இக்கரை: சம்பந்தி... உங்க நாடு பணக்கார நாடு. அங்க ஒருத்தன் முடிவெட்டிக்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் சுவர் எழுப்பணுமா? முடிய வெட்டினாங்களா, நட்டாங்களா?

அக்கரை: பணக்கார நாடுனு நீங்கதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. உள்ள இருந்து பார்த்தாத்தான் தெரியும்.

ஆபரேட்டர்: சார், ரெண்டு பேரும் முதல்ல இந்தக் கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுடுங்க.

இக்கரை: ரெண்டு நாட்டு விலைக் கணக்கே இன்னும் போடலையேம்மா.

ஆபரேட்டர்: வருஷா வருஷம் அப்படித்தானே சார் போடுறீங்க. கையெழுத்துப் போட்டு, பேப்பரக் குடுத்துட்டு, கேன்டீன் பக்கம் போயிடுவீங்க. இன்னைக்கு என்ன, ரெண்டு பேரும் நாற்காலிய இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டீங்க?

அக்கரை: சும்மாதான். ரிசல்ட் என்ன வருதுன்னு பார்த்துட்டுப் போலாமேன்னு.

இக்கரை: நானும் சும்மாதான்.

ஆபரேட்டர்: சரி சார், கையெழுத்துப் போட்டாச்சுல்ல, இருங்க. அந்த டம்ளர மட்டும் ஃபேக்ஸ் மெஷின் மேல வைக்காதீங்க. சூடா இருக்கு.

இக்கரை: நல்லதுதானே. டீ ஆறாது.

அக்கரை: அடுத்தது சோப்பு. எத்தனை நிமிஷம்?

இக்கரை: மூணு.

அக்கரை: சோப்பா, சோப்பு சுத்தியிருந்த காகிதமா?

இக்கரை: முழு சோப்பு. ...ஒரு ஓரமா கொஞ்சம் தேஞ்சிருந்துச்சு.

அக்கரை: கடைலயா?

இக்கரை: கடைனா... வித்தாங்க, வாங்கினேன். விக்கிற இடம் கடைதானே?

ஆபரேட்டர்: அக்கரை எவ்வளவு சார்?

அக்கரை: முப்பத்தஞ்சு.

இக்கரை: அடேயப்பா. அதப் போட்டுக் குளிப்பீங்களா, கும்பிடுவீங்களா?

அக்கரை: ரோஜாப்பூ சேர்த்தது.

ஆபரேட்டர்: அதான் பார்த்தேன். நீங்க உள்ள வந்ததுல இருந்து ரூமே மணக்குது.

இக்கரை: ஆமா, எனக்கும் வந்துச்சு. தலைல என்ன சம்பந்தி, ஏதோ பளபளன்னு...

அக்கரை: அது இருக்கட்டும். கரண்ட். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

இக்கரை: இருபத்துநாலு.

அக்கரை: போன வாரம் போன்ல பேசுறப்ப, இருங்க மெழுகுவத்தி தேடுறேன்னு சொன்னீங்க?

இக்கரை: அது... பிறந்தநாள்.

அக்கரை: யாருக்கு?

இக்கரை: பக்கத்து வீட்டுல. உங்களுக்கு எத்தனை மணி நேரம்னு சொல்லுங்க.

அக்கரை: பதினெட்டு.

இக்கரை: உங்க நாட்டுலயா? தெருவிளக்கு பட்டப்பகல்லயே எரியுமே!

அக்கரை: அதனாலதான் ராத்திரி தீர்ந்து போயிடுது.

ஆபரேட்டர்: போட்டுட்டேன் சார். இக்கரை இருபத்துநாலு, அக்கரை பதினெட்டு.

இக்கரை: ஏம்மா, போன வருஷம் வித்தியாசம் எவ்வளவு வந்துச்சு?

ஆபரேட்டர்: ஒன்பது புள்ளி எட்டு. அக்கரை முன்னால.

இக்கரை: அதுக்கு முந்தின வருஷம்?

ஆபரேட்டர்: ஒன்பது புள்ளி எட்டு.

அக்கரை: பார்த்தீங்களா? ரெண்டு நாடும் எவ்வளவு நிதானமா போயிக்கிட்டிருக்கு.

இக்கரை: அப்படியே இருந்தா சரி. பத்த தாண்டக் கூடாது.

ஆபரேட்டர்: தாண்டினா பாலம் பாஸ் ரத்துதானே சார்?

இக்கரை: ரத்து. எந்தப் பக்கம் முன்னால போனாலும் சரி, பத்துக்கு மேல போனா யாரும் இந்தப் பாலத்துல பாஸ் காட்டி நடந்து போக முடியாது. விசா வாங்கணும்.

அக்கரை: விசாவுக்குப் பதினோரு மாசம்.

இக்கரை: குழந்தை பிறக்க ரெண்டு மாசம்தான் பாக்கி.

ஆபரேட்டர்: மறந்தே போயிட்டேன் சார். உங்க பொண்ணு அந்தப் பக்கம்தானே இருக்கு?

இக்கரை: என் பொண்ணு, இவரு பையன். பாலத்து நடுவுல, இந்த ரூம்லதாம்மா பார்த்துக்கிட்டாங்க. அவன் இவருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டு வந்தான், இவ எனக்கு மூக்குக்கண்ணாடி கொண்டு வந்தா. பதினாலு வருஷமா சோப்பு விலை எழுதிக்கிட்டிருந்த எங்களச் சம்பந்தி ஆக்கிட்டாங்க.

அக்கரை: அந்த மூக்குக்கண்ணாடிய நீங்க வேணும்னேதான் வீட்டுல விட்டுட்டு வந்தீங்கன்னு எங்க வீட்டம்மா இன்னும் சொல்றா.

இக்கரை: உங்க வீட்டு டப்பால இருந்த உப்ப நினைச்சா, நான் ஏன் விட்டுட்டு வரப் போறேன்?

ஆபரேட்டர்: ஷூ மட்டும் பாக்கி சார்.

இக்கரை: எங்களுது பதினஞ்சு நிமிஷம்.

அக்கரை: ஒரு ஜோடி ஷூவா? சம்பந்தி, உங்க ஷூ ஃபேக்டரியத்தான் மூடியாச்சே?

இக்கரை: யாரு சொன்னா?

அக்கரை: உங்க பொண்ணுதான்.

இக்கரை: ஃபேக்டரி மூடினா என்ன, ஷூ இருக்கு. இதோ, கால்ல போட்டிருக்கேன், பாருங்க.

அக்கரை: ...சம்பந்தி.

இக்கரை: என்ன?

அக்கரை: ரெண்டுமே இடதுகால்.

இக்கரை: புது மாடல்.

அக்கரை: அதான் பாலத்துல வர்றப்பவே ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு வந்தீங்களா? காத்துனு நினைச்சேன்.

ஆபரேட்டர்: பதினஞ்சுன்னே போடவா சார்?

இக்கரை: போடும்மா. ஜோடினா ரெண்டு. எந்தக் காலுன்னு ஃபாரத்துல கேக்கல.

அக்கரை: எங்களுது எழுநூறு.

இக்கரை: எழுநூறு நிமிஷமா? அது ஷூவா, வண்டியா?

அக்கரை: கன்னுக்குட்டித் தோல். உள்ள வெல்வெட். ரசீது இருக்கு.

ஆபரேட்டர்: முடிஞ்சுது சார். பட்டன தட்டுறேன்... வருது... வந்துடுச்சு. வித்தியாசம் பன்னிரெண்டு.

இக்கரை: பன்னிரெண்டா... போச்சு. எல்லாம் போச்சு. இவ்வளவு பண்ணியும்...

அக்கரை: ஐயோ. எங்க நாடு அவ்வளவு முன்னாலயா போயிருக்கு?

ஆபரேட்டர்: உங்க நாடு இல்ல சார். இக்கரைதான் பன்னிரெண்டு புள்ளி முன்னால.

இக்கரை: ...யாரு?

ஆபரேட்டர்: நீங்கதான் சார்.

இக்கரை: நாங்களா? நாங்க எப்படிம்மா முன்னால போக முடியும்? எங்க ஊருல மூணு பேக்கரில ரெண்டு மூடியாச்சு!

அக்கரை: கரண்ட் இருபத்துநாலு மணி நேரம்னீங்க?

இக்கரை: இருபத்துநாலு மணி நேரமும் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்னு அர்த்தம்.

அக்கரை: அப்ப அந்த முடிவெட்டு?

இக்கரை: பயிற்சிப் பள்ளிக்கூடம். கத்துக்குட்டிங்க வெட்டினது. இந்தக் காதுப் பக்கம் பாருங்க. சோப்பு, எவனோ வீட்டக் காலி பண்ணிட்டுப் போறப்ப வித்தது. ஷூ... அதான் பார்த்துட்டீங்களே. நான் பொய் எழுதல. கிடைச்சதுல மலிவாப் பார்த்து வாங்கினேன், அவ்வளவுதான். இந்த வருஷம் எங்க நிலைமை மோசம் சம்பந்தி. உள்ளதை உள்ளபடி எழுதினா பத்துல நிக்காது.

அக்கரை: எனக்குத் தெரியும்.

இக்கரை: தெரியுமா?

அக்கரை: தெரிஞ்சுதானே நான் ஹோட்டல்ல போயி முடிவெட்டிக்கிட்டேன்? ஏழாவது மாடி. தலைய அரை மணி நேரம் பிசைஞ்சாங்க. ஊருலயே ஒசந்த கடையாப் பார்த்துப் பார்த்துப் போனேன். அந்த ஷூவப் போட்டுக்கக் கூட மனசு வரல, அலமாரில இருக்கு.

இக்கரை: சொந்த நாட்ட இப்படிக் கீழ இறக்கிட்டீங்களே?

அக்கரை: நீங்க உங்க நாட்டத் தூக்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாம்ல?

இக்கரை: அதிகாரிங்க முன்கூட்டியே பேசிக்கக் கூடாதுனு விதி இருக்கு.

அக்கரை: ஆமா, விதிய மீற மாட்டோம் நாம.

இக்கரை: ஏன் சம்பந்தி இவ்வளவு தூரம்...

அக்கரை: உங்க பொண்ணு எதுவும் கேக்கல. வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. பாத்திரம் கழுவுறப்ப குழாயத் திறந்து விட்டுட்டு அழுதுச்சு. தண்ணிச் சத்தத்துல கேக்காதுனு நினைப்பு. எனக்குக் காது நல்லாக் கேக்கும். அதுக்கு அவங்கம்மா வேணும். அவ்வளவுதான். டீயக் குடிங்க.

இக்கரை: ...ஆறிப்போச்சு.

ஆபரேட்டர்: சார், ஒருத்தர் கணக்க மட்டும் நிஜமா மாத்திப் போட்டுப் பார்க்கவா?

இக்கரை: போடும்மா. என்னுத மாத்து. முடிவெட்டு முப்பது, சோப்பு இருபது, கரண்ட் ஒன்பது. ஷூ... ஷூ கிடைக்கல.

ஆபரேட்டர்: ...அக்கரை ஒரு புள்ளி முன்னால.

அக்கரை: பத்துக்குள்ளதான்! அப்ப என்னுது மட்டும் போதும்.

இக்கரை: இருங்க, இருங்க. உங்களுத நிஜமாக்கி, என்னுத அப்படியே வெச்சா?

ஆபரேட்டர்: அந்தப் பக்கத்துச் சாதாரண விலை எனக்கே தெரியும், போட்டுட்டேன்... அதுவும் ஒண்ணுதான் சார் வருது.

இக்கரை: பார்த்தீங்களா? ஒருத்தர் பொய் போதும். என்னுதையே வெச்சுக்கலாம்.

அக்கரை: என்னுதுக்கு ரசீது இருக்கு.

இக்கரை: என்னுதுக்குக் காது இருக்கு, வெட்டுப்பட்ட காது. மூணு நாள் மருந்து போட்டேன். நான் நொண்டி நொண்டி வந்ததெல்லாம் வீணா?

அக்கரை: எழுநூறு நிமிஷத்து ஷூ சம்பந்தி! எங்க வீட்டம்மா ஒரு வாரமா என்கிட்ட பேசல.

இக்கரை: அவங்க பேசலன்னா உங்களுக்கு லாபம்தானே? பொண்ணப் பெத்தவன் நான். என்னுதுதான் இருக்கணும்.

அக்கரை: பேரக்குழந்தை எனக்கும்தான். நீயே சொல்லும்மா, யாரோடத வெக்கலாம்?

ஆபரேட்டர்: யாரோடதையும் வேண்டாம் சார்.

இக்கரை: என்னம்மா சொல்ற? பன்னிரண்டு மணிக்குள்ள ரெண்டு தலைநகருக்கும் அனுப்பியாகணும்.

ஆபரேட்டர்: அனுப்பியாச்சு சார்.

அக்கரை: எப்ப?

ஆபரேட்டர்: காலைல எட்டு மணிக்கு. நீங்க வர்றதுக்கு முன்னாடியே. மெஷின் சூடா இருக்குன்னு சொன்னேனே.

இக்கரை: கையெழுத்து?

ஆபரேட்டர்: போன வருஷம் ரெண்டு ஷீட்டுல வாங்கினேன் சார். நீங்க கேன்டீன் அவசரத்துல கவனிக்கல. இப்பப் போட்டது அடுத்த வருஷத்துக்கு.

அக்கரை: எங்க கணக்கப் பார்க்காமயா அனுப்பின? என்னன்னு அனுப்பின?

ஆபரேட்டர்: ஒன்பது புள்ளி எட்டு சார். ஆறு வருஷமா அதேதான். எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கம் லாரி ஓட்டுறாரு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனா பாலத்துல நடந்து வீட்டுக்கு வரணும்ல?