காலி செய்ய எத்தனை நாள்

மைசூர் பேருந்து நிலையத்தில் கொள்ளேகால் பஸ் பதினோரு நிமிடம் தாமதமாகியும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் ஒரு தகப்பனும், கல்லூரியில் சேரவிருக்கும் மகளும் இருந்தார்கள். மகள் சட்டென்று கேட்டாள்.

"ஏனுங்கப்பா, மூணு பிஜி ஹாஸ்டல் பாத்தோம். சோறு எப்படி, தண்ணி வருதான்னு ஒண்ணும் கேக்கல. காலி பண்றதுன்னா எத்தன நாள் முன்னால சொல்லோணும்னு மட்டும் மூணு எடத்துலயும் கேட்டீங்க."

"சும்மா கேட்டு வெச்சேன், கண்ணு."

"நான் இன்னும் சேரவே இல்லீங்களே."

அவர் இருமுறை தொண்டையைக் கனைத்தார்.

"குண்டலுபேட்டைக்காரங்க உன்னையப் பொண்ணு பாத்துட்டுப் போனாங்கல்ல. தையிலயே கல்யாணத்த முடிச்சுக்கலாங்கறாங்க."

"படிப்பு முடியட்டும்னு சொல்றேன்னீங்க?"

"சொன்னேன் சாமி. கேக்கோணுமே."

அவள் விரலை மடக்கினாள். "மொத எடத்துல பதினஞ்சு நாள். ரெண்டாவது ஒரு மாசம். கடைசி எடத்துல மூணு மாசம் முன்னாலயே சொல்லோணும்னாங்க. அங்கயே சேத்துடுங்கப்பா."

"அங்க உப்புத் தண்ணி. ஆறு பேருக்கு ஒரு பாத்ரூம். நீதான மூஞ்சியச் சுளிச்ச?"

"பரவால்லீங்க."

"நீ சாப்டுட்டு இருக்கறப்பவே போயி அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எங்கீங்க?"

"மொத எடத்துல."

"பதினஞ்சு நாளுங்களா?"

"ஜன்னலோரக் கட்டிலாக் கேட்டு வாங்கியிருக்கேன், கண்ணு."