வெண்ணிலா டீச்சரின் காலை நீவிய கை

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, திண்டிவனம் ஊர்ப் பெரியவர்களே, என் வகுப்புத் தோழிகளே, அனைவருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு கலைப்பிரியா.

எங்கள் விலங்கியல் ஆசிரியை, அன்புக்குரிய வெண்ணிலா டீச்சரைப் புகழ்ந்து பேசச் சொன்னார்கள். புகழ்வேன். அவர் எப்படி இறந்தார் என்பதையும் சொல்வேன். அதைத் தவறாகப் பேசித்தான் இந்த ஊர் அம்சா அக்காவை ஒதுக்கி வைத்திருக்கிறது.

வெண்ணிலா டீச்சர் யார்? புத்தகத்தைப் பார்த்துப் பாடம் நடத்தியவரா? இல்லை! பேசாமல் முறுக்கிக்கொண்டிருந்த என்னையும் நிலோஃபரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "அவ கையப் புடிச்சி நாடி பாருடி. எண்ணி முடிக்காம விடக்கூடாது" என்றவர்.

"மிஸ், இவளுக்கு நாடியே இல்ல மிஸ்!" என்றாள் நிலோஃபர்.

"நீ புடிச்சிக்கினு இருக்கிறது வளையல்டி."

வகுப்பே சிரித்தது. அன்றே நாங்கள் பேசிவிட்டோம்.

மதியம் ஆய்வகத்தில் எலும்புக்கூட்டின் பக்கத்தில் தனியாகச் சாப்பிடுவார். ஏன் மிஸ் என்றால், "கல்யாணம் ஏன் பண்ணிக்கலன்னு இவரு ஒருத்தருதான் கேக்க மாட்டாரு" என்பார். சிரித்தோம். வீட்டிலும் அவர் தனியாகத்தான் சாப்பிட்டார் என்று நம்மில் யார் நினைத்தோம்?

சென்ற மாதம் வைரஸ் காய்ச்சல் அவர் நுரையீரலில் இறங்கியது. விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். துணைக்கு யார் என்று கேட்டபோது, யார் போனது? நாமா? டீச்சரின் பக்கத்து வீட்டு அம்சா அக்கா தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்.

படுத்தே கிடந்த டீச்சருக்கு ஒரு கெண்டைக்கால் வீங்கியது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "கால்ல ரத்தம் கட்டியிருக்கு" என்று சொல்லி ஊசி எழுதினார். அம்சா அக்காவுக்கு அந்தச் சொல் தெரியும். நமக்கும் தெரியும். சைக்கிளிலிருந்து விழுந்தால் ரத்தக்கட்டு, கதவில் விரல் நசுங்கினால் ரத்தக்கட்டு. தைலம் போட்டு நீவினால் கரைந்துவிடும். அப்படித்தானே நம் வீடுகளில் செய்கிறோம்? அவரும் நீவினார்.

செவிலியர் ஓடிவந்து தடுத்தார். "ஐயோ, தேய்க்காதீங்கக்கா! இது அடிபட்ட ரத்தக்கட்டு இல்ல. ரத்தக்குழாய்க்குள்ளயே ரத்தம் உறைஞ்சி போயிருக்கு!"

மறுநாள் டீச்சருக்கு மூச்சு முட்டியது. உறைந்த ரத்தத்தின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது. எங்கள் டீச்சர் போய்விட்டார்.

வறுத்த வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை வண்டியருகே நிற்கும்போது என் காதில் விழுந்தது.

"அந்தப் பொம்பள தேய்ச்சித்தான் டீச்சரு பூட்டாங்களாம்."

"அய்யய்யோ, இனிமே அவகிட்ட ஜாக்கெட்டுகூட தைக்கக் குடுக்காத!"

அப்பாவை அழைத்துக்கொண்டு அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். "இந்த மாதிரி நுரையீரல் காய்ச்சல்ல ரத்தம் சீக்கிரமா உறையும்மா. தேய்க்கக் கூடாதுதான். ஆனா தேய்க்காமலேயும் நுரையீரலுக்குப் போகும். மருந்து குடுத்தும் போகும். அவங்களாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

"அவங்களால இல்லன்னு சொல்ல முடியுமா சார்?"

"அதுவும் முடியாதும்மா" என்றார்.

இதை நான் மறைக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காத ஆசிரியையின் மாணவி நான். டாக்டருக்கே தெரியாதது மல்லாட்டை வண்டியருகே எப்படித் தெரிந்தது?

அம்சா அக்கா என்னிடம் சொன்னார்: "நோவுது அம்சா, நோவுதுன்னு மொனகிக்கினே தூங்கினாங்க பாப்பா. கையக் கட்டிக்கினு எப்டி உக்காந்திருப்பேன்?" சொன்னவர் தைப்பதற்குத் துணி இல்லாத மெஷினின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

டீச்சரின் பணியை நாங்கள் தொடர்வோம்! நானும் நிலோஃபரும் தெருத்தெருவாகப் போவோம். ரத்தக்கட்டு வேறு, ரத்தம் உறைவது வேறு என்று சொல்வோம். அடிபடாமலே ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் தைலம் தேடாதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள் என்று சொல்வோம். டாக்டர்களிடமும், "தேய்க்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொள்வோம்.

சற்றுமுன் டீச்சரின் படத்துக்கு மலர் தூவ ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். ஒரு பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் டீச்சர் சாகும்போது தனியாக இல்லை. அதற்குக் காரணம் அந்தப் பெயருக்கு உரியவர்தான்.

அம்சா அக்கா, கதவுகிட்டயே நிக்காதீங்க. உள்ள வாங்க. நீங்க பூ போட்டப்புறம்தான் நான் போடுவேன்.