முனிவேலின் கடைசி ஷிப்ட்

உச்சி வேளை. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில், கெலமங்கலம் தாண்டி இடது பக்கம் ஒரு லேஅவுட் பிரிகிறது. மஞ்சள் கல் நட்ட காலி மனைகள்... நடுவே ஒரு செம்மண் ரோடு... அதன் கடைசியில் ஒட்டினாற்போல் இரண்டே வீடுகள். ஆள் இல்லை, நாய்கூட இல்லை. அந்த ரோட்டில் தௌசிப் அண்ணன் பைக்கை விரட்டிக்கொண்டு போகிறார். எதற்கு இந்த வேகம் என்று அவருக்கே தெரியாது.

பகலில் என்னடி பேய் என்று சிரிக்காதீர்கள். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை, தூக்கம் வரவில்லை, கதை சொல்லு நிகத் என்று பிடுங்கியது நீங்கள்தான். போர்வையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். யாராவது எழுந்து அந்தக் கதவைத் தாழ்போடுங்கள்... போட்டாச்சா? சரி.

தௌசிப் அண்ணன் நம் லைன் லீடர் ஃபக்ருதீன் அண்ணனுக்கு மச்சான். அவர் தங்கை ரஹமத் பீவியின் வீட்டுக்காரர். ராயக்கோட்டையில் தக்காளி மண்டிப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் நம்மைப் போலத்தான், ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டியவர். அந்தப் பழக்கம்தான் அவரைக் கெடுத்தது.

ஒரு நாள் அவர் கடைக்கு வினோதா என்று ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பழைய ஃபோன், பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து கிடந்தது. அதில் அவள் புருஷன் முனிவேல் எழுதி வைத்த குறிப்புகள் இருக்கின்றனவாம். எழுதின ஆப்பை நடத்திய கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஃபோன் செத்தால் எல்லாம் போய்விடும். முனிவேல் ஏற்கெனவே போய்விட்டார்... ஆறு வருஷத்துக்கு முன்னால், விடியற்காலை வேலைக்குப் போகும்போது, பைபாஸில் லாரி அடித்து.

"எம் பொண்ணு சௌமியாவுக்கு அப்ப ரெண்டு வயசு, பாய். அப்பா எப்படிப் பேசும்னு இப்பக் கேக்குது. இதுல இருக்கறது அப்படியே அவரு பேசற மாதிரியே இருக்கும்."

புருஷனும் பெண்டாட்டியும் வேறு வேறு கம்பெனி. அவளுக்கு நைட் ஷிப்ட், அவருக்குக் காலை ஷிப்ட். அவள் வந்து இறங்குவதற்குள் அவர் கிளம்பியாக வேண்டும். நடுவில் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டு சரசம்மா குழந்தையோடு உட்காருவார். அதனால் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு ஃபோனை வைத்து, கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதுவோமே, அதே மாதிரி வீட்டைப் பற்றி எழுதி வைத்துவிட்டுப் போவார். 'பாப்பா ரெண்டு இட்லி சாப்புட்டுச்சு, மூணாவது துப்பிடுச்சு. சிரப் கொடுத்தாச்சு. தாழ்ப்பாள் இறுகுது, எண்ணெ விட்டிருக்கேன். உன் சாக்ஸ் கட்டிலுக்கு அடியில.' அவள் வந்து படித்துவிட்டுக் கீழே 'எடுத்துக்கிட்டேன்' என்று போட்டுத் தன் பேரைப் போடுவாள். சாயங்காலம் அவள் எழுதுவாள், அவர் எடுத்துக்கொள்வார். இப்படியே குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

கம்பெனியில் என்ன சட்டம்? மாற்று ஆள் வந்து எடுத்துக்கிட்டேன் என்று சொல்லாமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. நாம் என்ன செய்வோம், கேன்டீனுக்கு நழுவிவிடுவோம். முனிவேல் அப்படி இல்லை. ஒரு தடவை ஆள் வரவில்லை என்று அடுத்த ஷிப்டும் அங்கேயே நின்ற மனுஷன்.

"எல்லாத்தையும் எடுத்துக் கொடுங்க, பாய். ஆனா எதையும் மாத்தாதீங்க. ஒரு எழுத்துகூட," என்று சொல்லிவிட்டுத்தான் வினோதா போனாள்.

தௌசிப் அண்ணன் வேறு பேட்டரி போட்டார். ஆப் திறந்தது. குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் வெளியே எடுக்கப் பார்த்தால் வரவில்லை... ஒரு குறிப்பு முடியாமல் நிற்கிறது, அதை முடித்தால்தான் மற்றதை விடுவேன் என்கிறது ஆப். தேடிப் பார்த்தார். கடைசிக் குறிப்பு. செத்த அன்று காலையில் முனிவேல் எழுதியது.

'கெளம்பறேன். பாப்பா தூங்குது. அடுப்புல பால் சிம்ல இருக்கு. நீ எடுத்துக்கற வரைக்கும் என் பொறுப்பு.'

அதற்குக் கீழே காலியாக இருந்தது. வினோதா வீட்டுக்கு வருவதற்குள் சாவுச் செய்தி வந்துவிட்டது, பதில் போட மறந்திருப்பாள் என்று இவர் நினைத்தார். ஒரு வார்த்தைதானே. 'எடுத்துக்கிட்டேன்' என்று அடித்தார். கம்பெனியில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எப்போதும் எடுத்தவன் பேர் இருக்கும் அல்லவா... அவர் யோசிக்கவே இல்லை, விரல் தன்னால் போனது. 'தௌசிப்.'

உடனே எல்லாம் வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து, ஃபோனோடு ஒரு பையில் போட்டு வைத்தார்.

மறுநாள்தான் நான் சொன்ன அந்த உச்சி வேளை. கடையில் உட்கார்ந்து ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று பால் தீய்கிற வாசம். பக்கத்தில் டீக்கடை இல்லை, அடுப்பு இல்லை. மூக்கைப் பொத்தினாலும் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பிரிண்டைக் கொடுக்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கையோ பைக்கை முறுக்கிக்கொண்டே இருந்தது.

லேஅவுட் கடைசியில் வினோதா வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே ஸ்ஸ்ஸ்... என்று ஒரு சத்தம். கேஸ் வாசம். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, கேஸ் போய்க்கொண்டே இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்த வினோதா பாயில் அசந்து கிடந்தாள். அவள் முந்தானையைப் பிடித்தபடி, ஸ்கூல் லீவில் வீட்டிலிருந்த சௌமியா. தௌசிப் அண்ணன் குமிழைத் திருகி, ஜன்னலைத் தள்ளி, இரண்டு பேரையும் வாசலுக்கு இழுத்து வந்து போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருமல் வந்தது. அந்த இருமலைக் கேட்டதும் அவர் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

தெளிந்ததும் வினோதா அந்தக் காகிதங்களை வாங்கிப் படித்தாள். சிரித்தாள், அழுதாள், சாக்ஸ் விஷயத்தை மகளுக்கு வாசித்துக் காட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"பாய்... இதுல எதுக்கு உங்க பேரு?"

"அது இல்லாம மத்தது வரமாட்டேன்னுச்சும்மா. நீ போட மறந்த ஒரு வார்த்தைதானே."

"மறக்கலீங்க." அவள் சத்தமே போடவில்லை. "வேணும்னேதான் போடாம வச்சிருந்தேன்."

மகளைச் சரசம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்.

"ஆளு வராம எடத்த விட்டு நகர மாட்டாரு அவரு. நைட்டு நான் வேலைக்குப் போனா சரசம்மாதான் தொணைக்குப் படுக்கும். படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திரிக்காது. தாழ்ப்பாள் போடவும் மறந்துடும். ஆனா காலைல நான் வந்தா உள்ளாற தாழ் போட்டிருக்கும். பால வெச்சுட்டு நான் தூங்கிட்டா அடுப்பு அணைஞ்சிருக்கும். அவரு மெஷின் எண்ணெ வாசம் வீட்டுல அடிக்கும். இருக்காருன்னுட்டு நானும் தைரியமா தூங்கிருவேன், பாய். ஆறு வருஷமா."

காகிதங்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்துலருந்து அந்த வாசம் இல்ல."

எடுத்துக்கொண்டவன் பேர் தன்னுடையது என்பது தௌசிப் அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. மெல்லத் தன் கையை மூக்கருகே கொண்டுபோனார். கம்பெனியை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்ட அந்தக் கையில்... மெஷின் எண்ணெய் வாசம். பச்சையாக.

அந்தப் பேரை எடுத்துவிட்டு, 'எடுத்துக்கிட்டேன்' என்று தன் பேரைப் போட்டுவிடலாம் என்று வினோதா அங்கேயே ஃபோனைக் கேட்டாள். அவர் அழுத்தினார், சார்ஜரில் போட்டார், கடைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். அது திறக்கவே இல்லை. இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை.

இனிமேல் சொல்வது ரஹமத் பீவி தன் அண்ணனிடம் சொல்லி அழுதது. ஃபக்ருதீன் அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும்.

தினமும் ராத்திரி, வினோதாவின் கம்பெனி பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், ராயக்கோட்டை வீட்டில் படுத்திருக்கும் தௌசிப் அண்ணனின் உடம்பு விறைக்கும். கண் மூடித்தான் இருக்கும். வலது கை மட்டும் மேலே போய் எதையோ இழுத்துத் தள்ளும். க்ளக்... என்று இரும்பு விழும் சத்தம். அந்த அறையில் அப்படி ஒரு தாழ்ப்பாளே இல்லை. பிறகு மெதுவாகச் சொல்வார்: "போட்டாச்சு பாப்பா." அதே நேரம் அந்த லேஅவுட் வீட்டில் சௌமியா இருட்டைப் பார்த்து, "மாமா, தாழ் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத் தூங்குவாளாம். அவளுக்குப் பயமே இல்லை.

காலையில் அவர் உள்ளங்கையில் துரு இருக்கும். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ரஹமத் பீவி தர்காவுக்கு அழைத்துப்போனாள், ஓதிப் பார்த்தாள், தாயத்துக் கட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. கட்டின பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஒரு ராத்திரி பொறுக்க முடியாமல், அந்தக் கை மேலே எழும்பும்போது இரண்டு கையாலும் பிடித்துத் தன் மார்போடு அழுத்திக்கொண்டாள். அது இழுத்தது... திமிறியது... அவள் விடவே இல்லை. கடைசியில் தளர்ந்தது. அன்றைக்கு 'போட்டாச்சு' என்று அவர் சொல்லவில்லை. குழந்தை மாதிரி தூங்கினார்.

விடிந்ததும் வினோதாவிடமிருந்து ஃபோன். எடுத்தது ரஹமத் பீவி.

"அக்கா, நேத்து நைட்டு பாய் எங்க போயிட்டாரு? கதவு விரியத் தெறந்து கெடந்துச்சு. சரசம்மா கொறட்ட விட்டுட்டுத் தூங்குது. பாப்பா ரோட்டுல, அந்த மஞ்சக் கல்லு மேல உக்காந்திருக்கு. ஏன்டி இங்க உக்காந்திருக்கன்னு கேட்டா, மாமா வரல, யாரோ வெளிய கூப்டாங்கன்னு சொல்லுது."

யார் கூப்பிட்டது என்று சௌமியாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ரஹமத் பீவி அவர் கையைப் பிடிப்பதில்லை. என்றைக்காவது அலுப்பில் அவர் விறைக்காமல் அயர்ந்து தூங்கிவிட்டால், அவளே எழுந்து உட்கார்ந்து அவர் காதருகே குனிகிறாள்.

"ஏங்க... பாப்பா தனியா இருக்குங்க. போங்க."