நசரத்பேட்டைச் சின்னத் தாழி

பகல் பன்னிரண்டரை மணி. நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கும் மண் ரோடு. ஒரு காக்கைகூட இல்லை... பேய்க்கு ராத்திரிதான் நேரம் என்று உங்களுக்கு யார் சொன்னது? கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும்.

இது என் தோழி மதிவதனியின் அண்ணன் கிருபாகரனுக்கு நடந்தது. கட்டடம் எழும்பும் முன் மண்ணுக்கடியில் பழங்காலத்துப் பொருள் இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை தருவது அவர் வேலை. அங்கே ஒரு கிடங்குக்காகத் தோண்டியதில் முதுமக்கள் தாழி ஒன்று வந்தது. உள்ளே ஒரு பெண்ணின் எலும்புகள். அதை ஒட்டியே ஒரு சின்னத் தாழி... கைக்குழந்தை.

"சின்னத எட்துகினு போ சார். பெர்சுக்கு டைம் இல்ல, காலீல காங்கிரீட் வருது," என்றார் மேஸ்திரி நாகேந்திரன்.

கிருபாகரன் எவ்வளவோ சண்டை போட்டார். நடக்கவில்லை. சின்னதை மட்டும் கொரட்டூர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தாயையும் பிள்ளையையும் பிரித்த பாவம்!

அவர் வீட்டிலும் துக்கம்தான். ஒன்றரை மாதம் முன்பு மனைவி லாவண்யாவுக்குப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அவள் தாங்கமாட்டாள் என்று, மயக்கம் தெளியும் முன்பே இவர் தனியாகப் போய்ப் புதைத்துவிட்டார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. "பாப்பாவ எங்க வெச்ச?" என்று தினம் கேட்பாள். இவர் வாயே திறக்கமாட்டார்.

மறுநாள் பெரிய தாழியின் மேல் காங்கிரீட் கொட்டியதைப் பார்த்துவிட்டு, அந்த மண் ரோட்டில் திரும்பி வருகிறார். பின்னால் சரக்... சரக்... ஈரப் புடவை காலில் உரசும் சத்தம். பச்சைப் பால் வாசனை.

"பாப்பாவ எங்க வெச்ச?"

லாவண்யாதான் தேடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைத்தார். முகம் பார்க்கத் தைரியம் இல்லை. திரும்பாமலே, அழுதுகொண்டே சொல்லிவிட்டார். "பூந்தமல்லி சுடுகாட்டுல... வேப்பமரத்தாண்ட."

சத்தம் நின்றது. திரும்பினார். யாருமில்லை. லாவண்யாவுக்குப் போன் போட்டால்... அவள் வீட்டில் இருக்கிறாள்.

மாலையே நடந்ததையெல்லாம் சொல்லி அவளைப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போனார். வேப்பமரத்தடியில் அந்தச் சின்ன மண்மேடு நனைந்திருந்தது. தண்ணீர் இல்லை... பால். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அந்த இடம் அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

லாவண்யா பயப்படவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "பாவம்யா அவ... அவ புள்ளைய கேட்டுகீறா. நீ நம்ம பாப்பாவ காட்டிகீற."

வீட்டுக்கு வந்ததும் சின்னத் தாழியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நம்ம பாப்பாவ அவ பாத்துகினு கீறா. இத்த நான் பாத்துக்கறேன்."

அவளுக்குப் பால் வற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றிரவு ரவிக்கை நனைந்தது...