மூன்றாவது சிலிண்டர் என்று வியாழக்கிழமையே சொன்னேன்

நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டு மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்தபடி, ஆரப்பாளையத்தில் ஓடும் ஒரு காரில் எந்த சிலிண்டர் திக்குகிறது என்று சொல்லிவிடுவேன். அதுவும் அது திக்குவதற்கு இரண்டு நாள் முன்பே.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. மலைச்சாமியின் ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உங்கள் வண்டிக்காகக் காத்திருக்கிறீர்கள், எதிர்ச் சுவரில் இதை ஒட்டியிருக்கிறார்கள், வேறு வேலையும் உங்களுக்கு இல்லை. முழுக்கப் படியுங்கள். "நடந்தத நாலு வரியில எழுதிக் குடுங்க மாமா. அவரு பேரு கெட்டது உங்களாலதான்" என்றார் என் மருமகன் சூரியபிரகாஷ். நாலு வரியில் முடிக்க இது என்ன தந்தியா?

நான் காசிமாயன், ஓய்வுபெற்ற நில அளவையர். முப்பத்திரண்டு வருடம் இந்தச் சீமையின் வரப்புகளை மயிரிழை பிசகாமல் அளந்தேன். இந்தப் பக்கத்துக்காரனோ அந்தப் பக்கத்துக்காரனோ ஒரு நாளாவது, "சரியாச் சொன்னீங்க" என்று சொன்னதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் மருமகனுடையது. மூன்று சிலிண்டர், டர்போ. அவர் வீடு இருக்கும் சிம்மக்கல் சந்தில் பூனைகூட ஒருக்களித்துத்தான் போகும். அதனால் வண்டி வாரம் முழுக்க எங்கள் வீட்டில் நிற்கும். சனிக்கிழமை மருமகனும் மகள் சுபலட்சுமியும் வந்து எங்களையும் ஏற்றிக்கொண்டு வெளியே கிளம்புவார்கள்.

முதல் தடவை சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். என் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கை இருபத்தைந்து வருடம் நானே கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, பொறி பெரிதாக விழட்டும் என்று இடைவெளியைக் கொஞ்சம் நெம்பிவிடுவேன். அதே உபசாரத்தைக் காருக்கும் செய்தேன். நடு பிளக்கை முடித்தபோது என் மனைவி ரெங்கம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை உசிலம்பட்டி ரோட்டில் ஒரு டிராக்டரை முந்தும்போது வண்டி குதித்தது, திக்கியது, இழுக்க மறுத்தது. நான் பின்சீட்டிலிருந்து, "ரெண்டாவது சிலிண்டர் மாப்ள" என்றேன்.

"ஆட்டுக்குட்டியப் பாத்துட்டு வந்து ஆனையப் பாத்தேன்னு சொல்ற மனுசன்" என்றாள் ரெங்கம்மாள். "கண்டுக்காதீங்க மாப்ள."

ஒர்க்‌ஷாப்பில் மலைச்சாமி ஸ்கேனரைச் செருகினார். இரண்டாவது சிலிண்டர். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கு நீங்கள் சொத்தையே எனக்கு உயில் எழுதி வைத்தாலும் ஈடாகாது.

"எப்பிடிண்ணே?"

"காது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையே தெருவில் கூட்டம். ஒருவர் தண்ணீர் மோட்டாரைக் கேட்கச் சொன்னார், ஒருத்தி மிக்சியையே தூக்கி வந்தாள். மதுரை ஜில்லா முழுக்க வந்தது என்று சொன்னால் ரெங்கம்மாள் அடித்துவிடுவாள். ஒரு ஒன்பது பேர்.

அதற்குப் பிறகு நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயம் எளிது. டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. பிளக்கில், இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு ஒன்று நுழையும் இடைவெளி இருந்தால் பொறி தாங்கும். இரண்டு பிளேடு நுழைகிற அளவுக்கு விரித்துவிட்டால், அமுங்கிய காற்றில் பொறி அணைந்துபோகும். ஆனால் பாரம் ஏற்றி அழுத்தி ஓட்டும்போது மட்டும்தான். ஒர்க்‌ஷாப்பில் சும்மா ஓடவிட்டால் பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்கும்.

வியாழக்கிழமை மதியம் ரெங்கம்மாள் சீரியல் பார்ப்பாள். எனக்கு அரை மணி நேரம் போதும். அடுத்ததாக மூன்றாவது பிளக்கை விரித்தேன்.

மலைச்சாமி கெட்டிக்காரர். மூன்றாவது சிலிண்டரில் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டினார். "கோளாறு காயில்ல இருந்தா, கூடவே போகும்ணே." அவ்வளவு அழகாக யோசித்த மனிதரை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த வியாழன் ஒன்றாவது பிளக்கை விரித்தேன். கோளாறு கூடவே போனது. அவர் சந்தோஷமாகப் புதுக் காயில் போட்டார். அடுத்த வியாழன் மறுபடி மூன்றாவது. இன்ஜெக்டர் மாற்றினார், ஒயரிங்கைப் பிரித்துக் கோத்தார். பிளக் விரிந்திருப்பதையும் பார்த்தார். "டர்போ சூடு தின்னுருதுண்ணே" என்று வேறு கம்பெனி பிளக் போட்டார். பதினோரு வாரம்.

ஒரே வண்டி பதினோரு தடவை திரும்பி வந்தால் ஊர் என்ன சொல்லும்? சொன்னது. இந்தப் பெஞ்ச் காலியாகிவிட்டது. மலைச்சாமி போர்டை இறக்கிவிட்டு, கோயம்புத்தூரில் ஏதோ மில்லில் வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். "எனக்குக் கை விட்டுப்போச்சுண்ணே." நான் தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த நாட்களில் அவருக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பதை யாரும் பேசுவதில்லை.

ஒரே ஒரு குறை. ரெங்கம்மாள் மட்டும் நம்பவில்லை. "திக்கினப்புறம் சொல்றதுக்கு நீங்க எதுக்கு?" என்றாள். அதனால் பன்னிரண்டாவது வியாழன், அவள் கண் முன்னால் காலண்டரில் 'சனி, மூன்றாவது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சனிக்கிழமை சுபலட்சுமி ஓட்டினாள். வைக்கோல் லாரி ஒன்றை முந்த ஏறினாள், எதிரே பஸ். மிதித்தாள், வண்டி திக்கியது. பஸ் ஒதுங்கிப் போனது. நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்தது, அளந்து பழகிய கண் சொல்கிறது. எதுவும் ஆகவில்லை. மகளின் விரல்களை ஸ்டியரிங்கிலிருந்து மருமகன் ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் பின்சீட்டிலிருந்து, "மூணாவது" என்றேன்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரும் அதையே சொன்னது. ரெங்கம்மாள் மெதுவாக, "வியாழக்கெழமையே எழுதி வச்சாரு" என்றாள்.

மலைச்சாமி கேட்டார்: "வியாழக்கெழம வண்டி எங்கண்ணே நின்னுச்சு?"

"எங்க வீட்டுல."

"சாவி?"

"என் சட்டைப்பையில."

எல்லாவற்றுக்கும் குஷியாகத்தான் பதில் சொன்னேன். மருமகன் வீட்டுக்குப் போய் என் டூல்ஸ் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே, ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றிய இரண்டு பிளேடு. மலைச்சாமி அதை மூன்றாவது பிளக்கில் நுழைத்தார். உறையில் கத்தி போல உட்கார்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். நிம்மதியில் அழுதிருப்பார். மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். கோபம் என்கிறார் மருமகன். பிரமிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான் வண்டியைக் கெடுத்தேன் என்று சொல்கிறார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான். மலைச்சாமி மேல் எந்தத் தப்பும் இல்லை. உங்கள் வண்டியை நம்பி விடலாம்.

சாட்சிக் கையெழுத்து இல்லாத பத்திரம் செல்லாது. நான் கேட்டதும் ரெங்கம்மாள் மறுக்காமல் பேனாவை வாங்கினாள். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை. அவள் கைப்பட எழுதியது கீழே.

*மேலே சொன்ன அம்புட்டும் நடந்தது. வியாழக்கிழமையே சொன்னார், அப்படியே ஆனது. ஒரு முழம் என்பது மட்டும் தப்பு. நாலு விரல். அந்த ஜன்னலோரம் இருந்தது நான். – ரெங்கம்மாள்*